தடையை உதைத்த லில்லி!

குட்டீஸ்... ராஜபாளையத்தில், பஞ்சாலை சங்கு ஊதும் சத்தம் கேட்டு எழுந்தவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ஷிப்டு மாறும் நேரத்தில், தெருவெல்லாம் சைக்கிள் மணியும், சாப்பாட்டு தூக்கு ஆடும் சத்தமுமாக இருந்ததை கதை கதையாகச் சொல்வார்கள்.

நான் சொல்லப் போகும் கதையும், ஒரு ஆலையில், சாப்பாட்டு இடைவேளையில் தான் துவங்குகிறது. ஆனால், அந்த ஊர் ராஜபாளையம் அல்ல, ஸ்ரீவில்லிபுத்தூரும் அல்ல. கடல் கடந்து, இங்கிலாந்து நாட்டின் வட பகுதியில் இருக்கும் பிரஸ்டன் என்ற ஊர். அதுவும், நம் ஊர் போல ஆலைகள் நிறைந்த ஊர் தான்.

கதையின் நாயகி, லில்லி பார். உலகம் கண்ட மிகச் சிறந்த கால்பந்து வீராங்கனைகளில் ஒருவர். பெண்கள் பந்தை உதைக்கவே கூடாது என, ஒரு நாடே கதவை சாத்தியபோது, 30 ஆண்டுகள் விடாமல் உதைத்துக் காட்டியவர். அவரது வாழ்க்கையை பார்ப்போமா?

கண்ணாடி ஊர் சிறுமி!

இங்கிலாந்தில், செயின்ட் ஹெலன்ஸ் என்று ஒரு ஊர். சிவகாசி என்றால் பட்டாசு, ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா என்பது போல, செயின்ட் ஹெலன்ஸ் என்றால் கண்ணாடி. அங்கே தான், ஏப்ரல் 26, 1905ல் பிறந்தாள் லில்லி.

அப்பா, கண்ணாடி தொழிற்சாலையில் கூலி வேலை பார்த்தார். வீட்டில் ஏழு பிள்ளைகள், லில்லி நான்காவது. சின்ன வீடு, சிறிய வருமானம். பொம்மை வாங்கித் தர யாரிடமும் காசு இல்லை. ஆனால், அண்ணன், தம்பிகளிடம் ஒரு பந்து இருந்தது.

தையல், சமையல் என்று உட்கார்ந்து பழகுவது, லில்லிக்கு பிடிக்கவில்லை. சகோதரர்களோடு தெருவுக்கு ஓடி விடுவாள். கால்பந்தும் ஆடுவாள், ரக்பியும் ஆடுவாள். யாரும் அவளுக்கு விட்டுக் கொடுத்து ஆடவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. மோதி விழுந்து, முழங்காலில் சிராய்ப்போடு எழுந்து, மறுபடியும் ஓடினாள்.

அந்த காலத்து கால்பந்து எப்படி இருக்கும் தெரியுமா... தடித்த தோலில் செய்து, கயிறால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். மழை பெய்தால், தண்ணீரை உறிஞ்சி கல் போல கனக்கும். இங்கிலாந்தில் மழைக்கா பஞ்சம்? அப்படிப்பட்ட பந்தை, மைதானத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு அடிக்க, நல்ல பலம் வேண்டும். தெருவில் பையன்களோடு ஆடி ஆடி, அந்த பலம் லில்லியின் இடது காலில் வந்து சேர்ந்தது. உயரமும் சும்மா இல்லை. வளர்ந்தபின், கிட்டத்தட்ட ஆறடி!

சாப்பாட்டு இடைவேளையில் பிறந்த அணி!

லில்லி பள்ளிக்கூடம் போன நாட்களில், முதல் உலகப் போர் மூண்டது. 1914 முதல், 1918 வரை நடந்த அந்த போருக்கு, ஆலைகளில் வேலை பார்த்த ஆண்கள் லட்சக்கணக்கில் போய் விட்டனர். ஆலையை யார் ஓட்டுவது? பெண்கள் வந்தனர். குண்டு செய்தனர்; இயந்திரம் ஓட்டினர்; பாரம் தூக்கினர்.

பிரஸ்டனில், டிக் கெர் என்ற நிறுவனம் இருந்தது. அமைதிக் காலத்தில் டிராம் வண்டிகளுக்கான சாமான்கள் செய்த ஆலை. போர் வந்ததும் குண்டுகள் செய்தது. அங்கே வேலை பார்த்த பெண்கள், இடைவேளையில் முற்றத்தில் பந்து உதைத்து விளையாடுவர். ஆலையில் தொழில் பழகிய பையன்களோடு போட்டி போட்டும் ஆடினர். அதை ஜன்னல் வழியே பார்த்தார், அலுவலகத்தில் வேலை பார்த்த ஆல்பிரட் பிராங்க்லாண்ட். இவர்களை அணியாக சேர்த்தால் என்ன என்று அவருக்கு தோன்றியது.

கிறிஸ்துமஸ் நாள், 1917. பிரஸ்டன் நகரின் டீப்டேல் மைதானத்தில், டிக் கெர் பெண்கள் அணி முதல் பெரிய ஆட்டம் ஆடியது. எதிரணியும் ஆலைப் பெண்கள் தான். பார்க்க வந்தவர்கள், 10 ஆயிரம் பேர்! டிக் கெர் அணி, நான்கு கோல் அடித்து வென்றது. டிக்கெட் பணம், போரில் காயம்பட்ட வீரர்களுக்கு சிகிச்சை தந்த மருத்துவமனைக்கு போனது.

ராஜபாளையம் பக்கத்தில் உள்ள சத்திரப்பட்டியில், தறிகளில் பேண்டேஜ் துணி நெய்வதை பார்த்திருப்பீர்கள். காயத்துக்கு கட்டுப் போடும் துணியின் அருமை, உங்களுக்கு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த பெண்கள் உதைத்த ஒவ்வொரு பந்தும், யாரோ ஒரு வீரனின் காயத்துக்கு கட்டு போட உதவியது.

14 வயதில் அழைப்பு!

லில்லிக்கு, 14 வயது ஆனபோது, சொந்த ஊரில் பெண்கள் அணி ஒன்று உருவானது. அதில் சேர்ந்தாள். அந்த அணி, டிக் கெர் அணியோடு மோதியது. அப்போது தான், பிராங்க்லாண்ட் கண்ணில் பட்டாள்.

உயரமான ஒரு சிறுமி. இடது ஓரத்தில் காற்று போல ஓடுகிறாள். அவள் அடிக்கும் பந்தை தடுக்க, கோல் கீப்பர் பயப்படுகிறார். விடுவாரா பிராங்க்லாண்ட்? பிரஸ்டனுக்கு வரும்படி அழைத்தார். ஆலையில் வேலை, தங்க இடம், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் செலவுக்கு, 10 ஷில்லிங். அதாவது, அரை பவுண்டு. ஒரு தொழிலாளி வீட்டு சிறுமிக்கு அது நல்ல தொகை.

வீட்டை விட்டு, வேறு ஊருக்கு போக வேண்டும். உங்கள் வயதில் அதை நினைத்துப் பாருங்கள். லில்லி தயங்கவில்லை, பிரஸ்டன் போனார். சக வீராங்கனை ஒருவரின் வீட்டில் தங்கினார். முதல் பருவத்திலேயே, 43 கோல் அடித்தார் என்கின்றன அந்நாளைய கணக்குகள்.

அவரது உதை பற்றி, நிறைய கதைகள் உலவின. ஆண் கோல் கீப்பர் ஒருவர், முடிந்தால் கோல் அடித்துப் பார் என்று சவால் விட்டாராம். லில்லி உதைத்த பந்தை தடுத்தவரின் கை எலும்பு முறிந்து போனதாம். கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு உப்பு, காரம் என்று தெரியாது. ஆனால், இப்படி ஒரு கதை பிறக்க வேண்டும் என்றால், அந்த உதை எப்படி இருந்திருக்கும் என்று யூகித்துக் கொள்ளுங்கள்!

ராத்திரியில் வெள்ளைப் பந்து!

போர் முடிந்த பிறகும், டிக் கெர் அணியின் ஆட்டங்கள் நிற்கவில்லை. 1920ல், பிரான்ஸ் நாட்டிலிருந்து பெண்கள் அணி வந்தது. பிரஸ்டனில் நடந்த முதல் ஆட்டத்தை, 25 ஆயிரம் பேர் பார்த்தனர். அதே ஆண்டில், டிக் கெர் அணி கடல் கடந்து பிரான்சுக்கும் போய் ஆடியது.

அந்த டிசம்பரில், ஒரு வேடிக்கை நடந்தது. வேலை இல்லாமல் தவித்த முன்னாள் வீரர்களுக்கு, கிறிஸ்துமஸ் உணவு கொடுக்க நிதி வேண்டும். பகலில் எல்லாருக்கும் வேலை. ஆட்டத்தை ராத்திரி வைத்தால் கூட்டம் வரும். ஆனால், மைதானத்தில் விளக்கு ஏது?

எதிரி விமானங்களை தேட ராணுவம் பயன்படுத்திய பெரிய ஒளிவிளக்குகள் இரண்டை, கேட்டு வாங்கினர். அனுமதி தந்தவர், அப்போது போர்த்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில். பின்னாளில், இங்கிலாந்து பிரதமர் ஆனாரே... அவரே தான்! இருட்டில் கண்ணுக்கு தெரிய, பந்துக்கு வெள்ளை அடித்தனர். சாயம் உரிய உரிய, மறுபடியும் அடித்தனர். 12 ஆயிரம் பேர் வந்து பார்த்தனர். இன்று மின்னொளி ஆட்டங்களை பார்க்கும்போது, அந்த வெள்ளைப் பந்தை நினைத்துக் கொள்ளுங்கள்.

அடுத்த பத்தாவது நாள் நடந்தது தான், பெரிய அதிசயம். டிசம்பர் 26, 1920. லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானம். எதிரணி, லில்லியின் சொந்த ஊரான செயின்ட் ஹெலன்ஸ். உள்ளே கூடியவர்கள், 53 ஆயிரம் பேர். இடமில்லாமல் வெளியே நின்றவர்கள், இன்னும் பல ஆயிரம்!

எவ்வளவு பெரிய கூட்டம் என்று புரிய, ஒரு கணக்கு சொல்கிறேன். 2011ம் ஆண்டு கணக்கெடுப்பில், ஸ்ரீவில்லிபுத்தூர் நகரில் இருந்தவர்கள், சுமார் 75 ஆயிரம் பேர். பச்சைக் குழந்தையும், படுத்த படுக்கையாக இருப்பவரும் போக, மொத்த ஊரும் ஆடிப்பூரத் தேருக்கு திரண்டது போல, ஒரே மைதானத்துக்கு வந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

முக்கியமான வீராங்கனை ஒருவர், ரயிலை தவற விட்டு விட்டார். அணித் தலைவி ஆலிஸ் கெல், அவர் இடத்துக்கு மாறி ஆடி, மூன்று கோல் அடித்தார். டிக் கெர் அணி, 4 - 0 என வென்றது. வசூல், 3,000 பவுண்டுக்கும் மேல். எல்லாம், முன்னாள் வீரர்களுக்கான உதவி நிதிக்கு போனது. இங்கிலாந்தில், பெண்களின் கிளப் ஆட்டம் ஒன்றுக்கு இதை விட பெரிய கூட்டம் வர, நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது!

கதவு சாத்தப்பட்டது!

அடுத்த ஆண்டு, 1921ல், டிக் கெர் அணி, 67 ஆட்டங்கள் ஆடியது. எல்லாரும் வேலைக்கும் போய்க்கொண்டு தான் ஆடினர் என்பதை மறக்காதீர்கள். பிரான்ஸ் அணியோடு நடந்த ஓர் ஆட்டத்தில், 5 - 1 என வென்றனர். ஐந்து கோலையும் அடித்தவர், 16 வயது லில்லி!

அந்த ஆண்டு, சுரங்கத் தொழிலாளர்களின் கூலி தகராறில், சுரங்கங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. பசியில் வாடிய குடும்பங்களுக்காகவும், பெண்கள் பல ஊர்களில் ஆடி பணம் திரட்டினர்.

இவ்வளவு நல்ல காரியம் செய்தவர்களுக்கு என்ன பரிசு கிடைத்திருக்கும்?

டிசம்பர் 5, 1921ல், இங்கிலாந்து கால்பந்து சங்கம் கூடியது. கால்பந்து பெண்களுக்கு ஏற்ற ஆட்டமே அல்ல என்று தீர்மானம் போட்டது. வசூலில் தர்மத்துக்கு போவது குறைவு, செலவுக்கு போவது அதிகம் என்றும் குறை சொன்னது. தன் கட்டுப்பாட்டில் உள்ள எந்த மைதானத்தையும், பெண்களுக்கு தரக்கூடாது என, கிளப்புகளுக்கு உத்தரவிட்டது. இந்த ஆட்டம் பெண்கள் உடம்புக்கு ஆகாது என்று, சில டாக்டர்களும் சொன்னார்கள்.

குண்டு தொழிற்சாலையில் பாரம் தூக்கியபோது ஆகிவந்த உடம்பு, பந்து உதைத்தால் மட்டும் ஆகாதா? இந்த கேள்விக்கு, யாரும் பதில் சொல்லவில்லை.

ஒரே நாளில், நல்ல புல்தரை மைதானங்கள் எல்லாம் மூடப்பட்டன. 53 ஆயிரம் பேர் முன் ஆடியவர்களுக்கு, இனி பூங்காவும், வெற்றுத் திடலும் தான் மிச்சம். பல அணிகள் கலைந்தன. பல பெண்கள், ஷூவை கழற்றி பரண் மேல் போட்டு விட்டனர்.

லில்லிக்கு அப்போது, 16 வயது. அவர் ஷூவை கழற்றவில்லை.

ஆண்களோடு ஒன்பது ஆட்டம்!

தடைக்குப் பின், 1922ல் கப்பல் ஏறியது டிக் கெர் அணி. கனடாவில் ஆடத் திட்டம். ஆனால், அங்கும் கால்பந்து சங்கம் கதவை சாத்தியது. பெண்கள் சோர்ந்து விடவில்லை, அமெரிக்காவுக்கு போனார்கள். அங்கே இறங்கிய பிறகு தான், எதிரணிகள் எல்லாம் ஆண்கள் அணி என்று தெரிந்தது!

திரும்பி விடலாமா? ஆடி விடலாமா? ஆடினார்கள். ஒன்பது ஆட்டம், அதில் மூன்றில், ஆண்களை வென்றே காட்டினார்கள்.

இதே நேரத்தில், இங்கிலாந்தில் மற்ற பெண்கள் அணிகளும் சும்மா இருக்கவில்லை. தங்களுக்கென தனியாக ஒரு சங்கம் வைத்தனர். 1922ல், இருபதுக்கும் மேற்பட்ட அணிகள் சேர்ந்து, கோப்பைப் போட்டி ஒன்றை நடத்தின. இறுதியில், டான்காஸ்டர் அணியை, 3 - 1 என வென்று, ஸ்டோக் அணி கோப்பையை வாங்கியது. நாடு தழுவிய அளவில் அங்கே பெண்கள் ஆடிய முதல் நாக் அவுட் கோப்பைப் போட்டி அது. மைதானம் இல்லை, பணம் இல்லை. அந்த சங்கம் நீடிக்கவில்லை. அடுத்த கோப்பைக்கு, அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

நாக் அவுட் என்றால், உங்களுக்கு தெரியுமே... பள்ளிகளின் குறுவட்டப் போட்டியில் பார்த்திருப்பீர்கள். தோற்றால், பையைத் தூக்கிக் கொண்டு ஊருக்கு பஸ் ஏற வேண்டியது தான். ஜெயித்தால், அடுத்த சுற்று. இன்னொரு நாள் பார்த்துக் கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் தான், அந்த வகைப் போட்டியில் சின்ன அணி கூட, பெரிய அணியை கவிழ்த்து விடும்.

நர்ஸ் லில்லி!

பந்து மட்டும் சோறு போடாது என்பது, லில்லிக்கு தெரியும். பிரஸ்டன் அருகில், விட்டிங்ஹாம் என்ற இடத்தில், மனநலம் பாதித்தவர்களுக்கான பெரிய மருத்துவமனை இருந்தது. அங்கே பயிற்சி பெற்று, நர்ஸ் ஆனார். ஓய்வு பெறும் வரை, அதே வேலை. மேரி என்ற சக நர்ஸ் தான், அவரது வாழ்க்கைத் துணை. இருவரும் சேர்ந்து சொந்த வீடு வாங்கி வாழ்ந்தனர்.

வார நாட்களில் நோயாளிகளை கவனிப்பார். விடுமுறை நாளில் மைதானத்துக்கு வந்து விடுவார். 1926ல், அணிக்கும் ஆலைக்கும் இருந்த தொடர்பு அறுந்து, பிரஸ்டன் பெண்கள் அணி என்று பெயர் மாறியது. மக்கள் மட்டும், டிக் கெர் என்றே கூப்பிட்டுக் கொண்டிருந்தனர். 1937ல், ஸ்காட்லாந்தின் எடின்பரோ அணியை, 5 - 1 என வென்றனர்.

நம் ராஜபாளையத்தில், முதல் பஞ்சாலை துவங்கியது, 1936ல். அப்போது லில்லிக்கு, 31 வயது. தடை போட்டு, 15 ஆண்டுகள் ஆகியும், இடது ஓரத்தில் ஓடிக் கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போர் வந்து போனது. அதன் பிறகும் ஆடினார். 1946ல், அணித் தலைவி ஆனார். கடைசியாக ஷூவை கழற்றியது, 1951ல், வயது, 46!

மொத்தம் எத்தனை கோல் அடித்தார்? 900க்கும் மேல் என்கின்றனர். ஆயிரத்தை நெருங்கும் அந்த எண்ணிக்கையை, எந்த சங்கமும் எழுதி வைக்கவில்லை. தடை செய்த ஆட்டத்துக்கு, கணக்குப் புத்தகம் ஏது?

தடை நீங்கியது!

இங்கிலாந்து மட்டும் தான் இப்படியா என்று கேட்கிறீர்களா... இல்லை. கால்பந்துக்கு பேர் போன பிரேசிலில், 1941ல் சட்டம் போட்டு, பெண்கள் ஆடுவதை தடுத்தனர். 1979 வரை அது நீடித்தது. மேற்கு ஜெர்மனியிலும், 1955ல் கால்பந்து சங்கம் தடை போட்டு, 1970ல் தான் நீக்கியது.

இங்கிலாந்தில், 1969ல், பெண்கள் கால்பந்து சங்கம் ஒன்று உருவானது. அடுத்து, பழைய தடையை நீக்க முடிவானது. 1971க்குள், மைதானங்களின் கதவு திறந்தது. தடை போட்டு, அரை நூற்றாண்டு ஓடியிருந்தது.

உடனே, தேசிய அளவில் பெண்களுக்கு நாக் அவுட் கோப்பை போட்டி துவங்கியது. முதல் ஆண்டிலேயே, 71 அணிகள்! ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதியில் இருந்தும் வந்தனர். மே 9, 1971ல், லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் இறுதி ஆட்டம். ஸ்காட்லாந்தின் ஸ்டூவர்டன் திஸில் அணியை, 4 - 1 என வென்று, கோப்பையை தூக்கியது, சவுதாம்டன் அணி. அன்று லில்லிக்கு, 66 வயது.

இங்கே ஒரு கணக்குப் புதிர். 71 அணிகள் நாக் அவுட் முறையில் மோதினால், கோப்பை யாருக்கு என்று முடிவாக, எத்தனை ஆட்டம் வேண்டும்? தாளை எடுத்து சுற்று சுற்றாகப் போட வேண்டாம். ஒரு ஆட்டத்துக்கு, ஒரு அணி வெளியேறும். ஜெயிப்பது ஒரே அணி. அப்படி என்றால், 70 அணிகள் வெளியேற வேண்டும். எனவே, 70 ஆட்டம்! சமன் ஆகி, மறுபடி ஆடுவதை மட்டும் இதில் சேர்க்கவில்லை. உங்கள் பள்ளிப் போட்டியில், 16 அணி என்றால் எத்தனை ஆட்டம் என்று, நண்பனிடம் கேட்டு மடக்குங்கள்.

இப்போது அந்த கோப்பையின் இறுதி ஆட்டம், புகழ்பெற்ற வெம்பிளி மைதானத்தில் நடக்கிறது. 2023ல், செல்சியும், மான்செஸ்டர் யுனைடெட்டும் மோதிய இறுதி ஆட்டத்தை பார்க்க வந்தவர்கள், 77 ஆயிரத்துக்கும் மேல்!

சிலையாக நிற்கும் லில்லி!

புற்றுநோயோடு போராடிய லில்லி, மே 24, 1978ல் மறைந்தார். பிறந்த ஊரான செயின்ட் ஹெலன்சிலேயே, அவரை அடக்கம் செய்தனர். அப்போது, அவரை நினைவு வைத்திருந்தவர்கள், மிகக் குறைவு.

மெல்ல மெல்ல, நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. 2002ல், இங்கிலாந்து கால்பந்தின் புகழ் அரங்கில் பெயர் பொறித்தனர். அந்த அரங்கில் இடம்பெற்ற முதல் பெண், லில்லி தான். பழைய தடைக்காக, 2008ல் கால்பந்து சங்கம் வருத்தம் தெரிவித்தது. 2019ல், மான்செஸ்டரில் உள்ள தேசிய கால்பந்து அருங்காட்சியகத்தில், அவருக்கு வெண்கலச் சிலை வைத்தனர். அந்த நாட்டில், கால்பந்து வீராங்கனைக்கு வைத்த முதல் சிலை அது.

வருத்தம் சொன்னது நல்லது தான். ஆனால், அந்த, 50 ஆண்டுகளில் ஆட முடியாமல் போன பெண்களுக்கு, வயதை யார் திருப்பித் தருவது? ஒரு தவறான முடிவை ஒரு நாளில் எடுத்து விடலாம். சரி செய்ய, தலைமுறைகள் ஆகி விடும்.

நம் ஊரில்...

நம் நாட்டில், பெண்கள் கால்பந்துக்கு, 1975ல் தேசிய கூட்டமைப்பு துவங்கியது. 1980ல், கேரளாவின் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில், இந்தியப் பெண்கள் இறுதி ஆட்டம் வரை சென்றனர். 1983லும் இரண்டாம் இடம் பிடித்தனர். 1990களில் இருந்து, மாநில அணிகள் மோதும் தேசிய போட்டி நடக்கிறது. இப்போது அந்த கோப்பைக்கு, வீர சிவாஜியின் தாயார் ராஜமாதா ஜிஜாபாய் பெயர்.

பல ஆண்டுகள், மணிப்பூர் பெண்களே அதை வென்று வந்தனர். 2018ல், அவர்களை இறுதி ஆட்டத்தில் வீழ்த்தி, கோப்பையை முதல் முறையாக தூக்கியது யார் தெரியுமா... நம் தமிழகப் பெண்கள்! 2023ல், மறுபடியும் வென்றனர். 2019ல், தேசிய அளவிலான மகளிர் லீக் போட்டியில் சாம்பியன் ஆனதும், நம் பக்கத்து ஊரான மதுரையின் சேது எப்.சி., அணி தான். ராஜபாளையத்தில் பஸ் ஏறினால், இரண்டு மணி நேரத்தில் போய் விடலாம். அவ்வளவு பக்கம்!

ஆனாலும், இன்றும் பல வீடுகளில், பெண் பிள்ளை ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு வந்ததும், மைதானம் பக்கம் போகக் கூடாது என்பார்கள். வெயிலில் கறுத்து விடுவாய் என்பார்கள். கை, கால் ஒடிந்தால் என்ன செய்வது என்பார்கள். உத்தரவு போட, சங்கம் எதுவும் கூட வேண்டியதில்லை. அடுப்படியிலேயே தீர்மானம் நிறைவேறி விடும்.

அப்படி யாராவது சொன்னால், கோபப்படாதீர்கள். பெரியவர்கள், அக்கறையில் தான் சொல்கின்றனர். லில்லியின் கதையை, அவர்களுக்கு பொறுமையாக சொல்லுங்கள். பகலில் நோயாளிகளை பார்த்து, விடுமுறையில் பந்து உதைத்து, 46 வயது வரை ஓடிய ஒரு பெண் இருந்தார் என்று சொல்லுங்கள். காயம்பட்ட வீரர்களுக்கும், பசித்த குடும்பங்களுக்கும், அந்த பந்து தான் உதவியது என்பதையும் சேர்த்து சொல்லுங்கள்.

பையன்களே... உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. லில்லிக்கு கால்பந்து கற்றுத் தந்தது பயிற்சியாளர் அல்ல. அவளைச் சேர்த்துக் கொண்டு ஆடிய அண்ணன், தம்பிகள் தான். இன்று சாயங்காலம், பந்தை எடுத்துக் கொண்டு கிளம்பும்போது, வாசலில் நின்று ஏக்கமாகப் பார்க்கும் தங்கையையும், ஆட்டத்துக்கு கூப்பிடுங்கள்.

கோல் கீப்பராக மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள். இடது ஓரத்தில் ஓட விடுங்கள். சரி தானே, குட்டீஸ்!